நாராவுக்கு அரை நாள் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் அப்பா அம்மாவோடு ஜப்பான் போகிறேன். கியோட்டோவில் நான்கு இரவுகள். பயண ஏற்பாட்டாளர் நாராவுக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார். “மானையும் பெரிய புத்தரையும் பார்த்தால் முடிந்தது” என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. அரை நாள் போதுமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

போதாது. கியோட்டோவில் ஓர் இரவைக் குறைத்து நாராவில் தங்குங்கள். ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவுதான் என்பதால் எல்லோரும் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஊர் அமைதியாக இருக்கும் இரண்டு வேளைகளும் அவர்களுக்குத் தவறிப்போகின்றன.

710இல் ஜப்பானின் தலைநகரான ஊர் இது. தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் 15 மீட்டர் உயரம். சிலைக்குக் கண் திறப்பது நமக்குப் பழக்கமான சடங்கு. 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர். 736இல் ஜப்பான் வந்த அவரை அந்நாட்டுப் பழைய ஏடுகள் தென்னிந்திய அந்தணத் துறவி என்றே குறிக்கின்றன. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலக் கயிற்றைக் கட்டி, கீழே கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். கண் திறக்கும் புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டுமே! 1180இல் கோயில் போரில் எரிந்தது. புத்தரைப் பழுதுபார்த்து 1185இல் மறுபடி கண் திறந்தபோது, துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிரகவா அதே தூரிகையைத்தான் எடுத்தார். 1567இல் மீண்டும் தீ. இன்று நாம் பார்க்கும் தலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்தது. மண்டபம் 1709இல் கட்டியது. போதிசேனர் தீட்டிய கண் இல்லை. தூரிகையும் கயிறும் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள ஷோசோயின் கருவூலத்துக்கு உரியவையாக இன்றும் இருக்கின்றன. அந்தக் கருவூலப் பொருள்களில் சிலவற்றை மட்டும் இலையுதிர்காலத்தில் அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நீங்கள் போகும் ஏப்ரலில் பார்க்க முடியாது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு அந்த முகத்தின் முன் நிற்பது வேறு அனுபவம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தெற்குப் பெருவாயிலை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இரு பக்கமும் 8 மீட்டருக்கு மேல் உயரமான மரக் காவலர்கள். உன்கேய், கைகேய் முதலிய சிற்பிகள் 1203இல் சுமார் எழுபதே நாளில் செய்து முடித்தவை. புறங்கையில் புடைத்த நரம்பைப் பாருங்கள். அப்பா களைத்தால் அருகிலிருக்கும் இசுயென் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். குளத்துக்கு அப்பால் அந்த வாயிலின் கூரையும் வகாகுசா குன்றும் தோட்டத்தின் பகுதிகளைப் போலவே தெரியும்.

மான்கள் ஆயிரத்துக்கு மேல். கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான்மேல் வந்ததாக ஐதீகம். அதனால் இவை தெய்வத்தின் தூதர்கள். அரிசித் தவிட்டில் செய்த பிஸ்கட் விற்பார்கள். நாம் தலை வணங்கினால் மானும் வணங்கும். கையில் வைத்துக்கொண்டு போக்குக் காட்டினால் கடிக்கும். அம்மாவின் முந்தானையையும் இழுக்கும். பிளாஸ்டிக் பையை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். தின்றுவிட்டுச் செத்த மான்கள் உண்டு. கோயிலுக்குப் பின்னால் உள்ள காட்டில் 841ஆம் ஆண்டிலிருந்தே மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. ஊரை ஒட்டியே அப்படியொரு காடு! ஓரமாகவாவது கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.

மாலையில் தோதாய்ஜியைச் சேர்ந்த மேட்டு மண்டபமான நிகத்சுதோவுக்கு ஏறுங்கள். கூரை போட்ட படிவழி ஒன்று இருக்கிறது. அப்பா நின்று நின்று ஏறலாம். இரவிலும் அதன் முகப்பு திறந்தே இருக்கும், கட்டணமும் இல்லை. வெயில் சாயும்போது கீழே பெரிய மண்டபத்துக் கூரையின் இரு முனைகளிலும் பொன் அணிகள் மின்னும்.

மறுநாள் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். ஏப்ரலில் மண்டபத்தைக் காலை 7:30க்கே திறந்துவிடுகிறார்கள். கியோட்டோ கூட்டம் வந்து சேருவதற்குள் புத்தரின் கண்களை நிதானமாகப் பார்க்கலாம்.

அன்புடன்