பாட் ரோஸ்டுக்கு எந்தத் துண்டு வாங்குவது?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் ‘பீஃப் ரோஸ்டிங் ஜாயிண்ட்’ என்று போட்டிருந்த ஒன்றரைக் கிலோ துண்டை வாங்கி, பாட் ரோஸ்டுக்காக மூடிய சட்டியில் மூன்று மணி நேரம் ஓவனில் வைத்தேன். சாறு ருசியாக இருந்தது, கறி மட்டும் சக்கையாகிவிட்டது. இன்னும் நேரம் விட்டிருக்க வேண்டுமா? அதேபோல் இன்னொரு துண்டு ஃப்ரீசரில் இருக்கிறது.

பதில்: கோளாறு நேரத்தில் இல்லை, துண்டில். அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் டாப்சைடு அல்லது சில்வர்சைடு. இரண்டும் பின்தொடைக் கறி, உள்ளே கொழுப்பு குறைவு. எவ்வளவு நேரம் வைத்தாலும் இன்னும் காயும்.

நீங்கள் கேட்க வேண்டியது ‘சக்’, அதாவது கழுத்தை ஒட்டிய தோள்கறி. அது இல்லையென்றால் ‘பிரிஸ்கட்’ என்கிற நெஞ்சுக்கறி. இவற்றின் நடுவே சவ்வும் கொழுப்பும் ஊடாடி ஓடும். ஈரச் சூட்டில் அந்தச் சவ்வு மெல்லக் கரைந்து, கறியை வழவழப்பாக்கும். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டிக்கொள்கிறதே, அதே சங்கதிதான்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பின்தொடைத் துண்டின் மேல் வெள்ளைக் கொழுப்பு ஒன்றைப் போர்த்தி, நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். பார்க்கச் செழிப்பாக இருக்கும். அது பல நேரம் வேறு இடத்திலிருந்து வெட்டி வைத்த கொழுப்பு; கறி விலைக்கு அதையும் சேர்த்து நிறுத்து விற்கிறார்கள். மேலே கட்டிய கொழுப்பு உள்ளே இறங்காது. வெட்டிய முகத்தைப் பாருங்கள்: வெள்ளைக் கோடுகள் கறிக்குள்ளேயே ஓட வேண்டும். ‘ஸ்டூயிங் பீஃப்’ என்ற துண்டுக்கறியும் வேண்டாம், பல இடத்துக் கறி கலந்திருக்கும். ‘ஃபில்லட்’ என்கிற மிருதுவான இடுப்புக்கறிதான் உசத்தி என்று கடைக்காரர் தள்ளினால் மறுத்துவிடுங்கள். அவ்வளவு விலை கொடுத்து அதைச் சட்டியில் போடுவது வீண்.

எனக்கு ஆற்றாமை இந்த லேபிள்கள் மேல்தான். மாடு எந்த நாட்டில் பிறந்தது, வளர்ந்தது, எங்கே அறுக்கப்பட்டது என்பதெல்லாம் சட்டப்படி அச்சாகியிருக்கும். சமைப்பவருக்கு வேண்டிய ஒரே தகவல், உடலின் எந்தப் பகுதி என்பது, பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். இதைப் பெரிதாகப் போட என்ன கஷ்டம்?

ஃப்ரீசரில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். முழுதாக உருகியபின் திறந்த தட்டில் ரோஸ்ட் செய்து, நடுப்பகுதி 55 டிகிரி வந்ததும் எடுத்து, அரை மணி ஆறவிட்டு மெல்லிசாகச் சீவினால் நன்றாக இருக்கும். ஆனால் நடுவில் சிவப்பாக இருக்கும். நம் வீடுகளில் பலர் தொடமாட்டார்கள். அப்படியானால் சட்டியிலேயே வேகவிடுங்கள், சூடாக வெட்டாதீர்கள். சாற்றோடு ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் குளிர்ந்த நிலையில் நாரோட்டத்துக்குக் குறுக்காக, ரொட்டித்துண்டைவிட மெல்லிசாகச் சீவுங்கள். பிறகு சாற்றைக் கொதிக்கவைத்து, துண்டுகளை அதில் போட்டு ஆவி பறக்கச் சூடாக்குங்கள். நாரோட்டத்தோடு வெட்டினால் மறுபடியும் சக்கைதான்.

அடுத்த முறை ஒன்றரைக் கிலோ ‘சக்’ கறியை வெட்டாமல், ஒரே துண்டாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சுற்றிலும் சிவக்க வறுத்து, மூன்றில் ஒரு பங்கு மூழ்கும் அளவு நீர் விட்டு, மூடியை இறுக்கி, 150 டிகிரியில் மூன்றரை மணி நேரம். முள்கரண்டியைக் குத்தித் திருகும்போது கறி தானாகப் பிரியாவிட்டால், இன்னும் அரை மணி.