தீபாவளிக்கு வந்தவள் பொங்கல் வரைக்கும்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. நாலு ஏக்கர் காபி, ஊடே மிளகு. மூத்தவன் பையன். அவனைச் சின்னதிலேயே கீழே இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங், மூன்றாம் வருடம் முடித்துவிட்டான். எஸ்.டி. சான்றிதழ் இருந்தும் ஸ்காலர்ஷிப் இல்லை என்றுவிட்டார்கள், நகையை வைத்து ஃபீஸ் கட்டுகிறேன். இளையவள் பெண். அரசுப் பள்ளியில் படித்து, சேலத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், இரண்டு வருடம் முடிந்தது. அரசு விடுதியில் இருக்கிறாள், மாதம் ஆயிரம் ரூபாய் வேறு வருகிறது, அதனால் செலவு பெரிதாக இல்லை. ஆனால் படிப்பு ஏறவில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று ஐந்து அரியர். வீட்டில் நாங்கள் அவளைத் தொந்தரவு செய்வதே இல்லை, தீபாவளிக்கு வந்தால் பொங்கல் வரைக்கும் இருந்து பழம் பறித்துக் கொடுப்பாள், பரீட்சைக்கு மட்டும் கீழே போய் எழுதிவிட்டு வருவாள். பையனைக் கூப்பிடுவதில்லை, ஒரு நாள் லீவு போட்டாலும் ஃபைன். பேசாமல் அவளை நிறுத்திவிட்டுத் தபாலில் ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்:

தம்பி, உங்கள் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்பதை நான் நம்பவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த யாரும் நம்ப மாட்டார்கள். முதல் செமஸ்டரில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. சரி, இரண்டாவதில் எத்தனை? நான்காவதில்? எழுதக் காணோம். ஐந்து என்று நீங்களே கூட்டிச் சொல்லிவிட்டதால் அந்த இரண்டிலும் ஒன்றுமில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே பெண், அதே பாடம், அதே வாத்தியார்கள். ஏப்ரலில் எழுதினால் பாஸாகிறாள், நவம்பரில் எழுதினால் போய்விடுகிறது. மழைக்காலம் வந்தால் அவள் மூளை மட்டும் லீவில் போகிறதா என்ன?

தீபாவளிக்கு வந்தால் பொங்கல் வரைக்கும் இருப்பாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் "தொந்தரவு செய்வதே இல்லை" என்று ஆரம்பிக்கிற அதே வாக்கியத்தில். தீபாவளி எப்போது, பொங்கல் எப்போது என்று காலண்டரைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல். நம் மலையில் பழம் நவம்பரில் சிவந்தால் ஜனவரி வரை பறிப்பு ஓடும். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் அதே நவம்பரில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வருவது யார் குற்றமும் இல்லை. ஆனால் இரண்டில் எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்தது நீங்கள். செய்துவிட்டு, படிப்பு ஏறவில்லை என்று பழியை அவள் தலையில் வைக்கிறீர்கள்.

பரீட்சைக்கு மட்டும் போய் எழுதிவிட்டு வருவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். வேதியியல் படிக்கிற பெண்ணுக்கு எழுத்துத் தேர்வுக்கு முன்னால் பிராக்டிகல் இருக்கிறது. அதற்கு ரெக்கார்டு நோட்டு முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி இன்டர்னல் டெஸ்டும் மாதிரித் தேர்வும் அந்த வாரங்களில்தான் நடக்கும். ஒரு பேப்பருக்கு நூறு மார்க் என்றால் பல கல்லூரிகளில் அதில் 25 இன்டர்னல், 75 தான் எழுத்துத் தேர்வு, பாஸ் மார்க் மொத்தம் 40. இன்டர்னலில் பதினெட்டு, இருபது வாங்கியவள் பரீட்சையில் சுமாராக எழுதினாலும் கரையேறிவிடுவாள். டெஸ்டுக்கே வராமல் அதில் ஏழோ எட்டோ வாங்கியவள் 75க்கு 32, 33 எடுத்தாக வேண்டும். அந்த ஏழு மார்க் பெரும்பாலும் அப்படியே நிற்கும், அரியர் எத்தனை தடவை எழுதினாலும் கூடவே வரும். முந்தின நாள் சாயங்காலம் வரை இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சில்வர் ஓக் நிழலில் பழம் உருவிவிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பிசுக்குப் போகாத விரலோடு பத்து மணிக்கு ஹாலில் உட்கார்கிற பெண் அந்த 33ஐ எங்கிருந்து எடுப்பாள்? அவளோடு உட்கார்ந்து எழுதுகிற மற்றப் பெண்கள் அந்த மூன்று வாரமும் விடுதியில் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்துப் படித்தவர்கள்.

அதோடு முடியவில்லை. தேர்வு முடிந்து டிசம்பரில் அடுத்த செமஸ்டர் ஆரம்பிக்கிறது, உங்கள் பெண் அப்போதும் மேலேதான் இருக்கிறாள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை கட்டாயம் என்று வைத்துக்கொண்டால் அவள் விடக்கூடியது 22 நாள். பொங்கலுக்குள் அதில் பெரும்பகுதியை நீங்கள் செலவழித்துவிடுகிறீர்கள். பிப்ரவரியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூடப் படுக்க நாள் மிச்சமில்லை. அப்படியிருந்தும் அந்த இரண்டு செமஸ்டரையும் ஒரு பேப்பர் விடாமல் முடித்திருக்கிறாள். இந்தப் பெண்ணைத்தான் படிப்பு ஏறாதவள் என்கிறீர்கள்.

பையனைக் கூப்பிடாததற்கு நீங்கள் சொன்ன காரணம்தான் என்னை உட்கார விடவில்லை. லீவு போட்டால் ஃபைன். ஆக, காசைப் பிடுங்குகிற கல்லூரி என்றால் பயம், காசு கேட்காத கல்லூரி என்றால் அது வீட்டுக்குப் பக்கத்துத் திண்ணை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். விடுதியில் சோறும் படுக்கையும் இலவசம், கட்டணம் பெயருக்கு, கையில் மாதம் ஆயிரம். அதனால் அவள் படிப்பை நிறுத்தினால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று மனசு கணக்குப் போடுகிறது. இதைச் சேலம், தர்மபுரி, நாமக்கல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற கடிதங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஊரும் பயிரும்தான் வேறு. ஒருத்தருக்கு மரவள்ளிக் கிழங்கு, ஒருத்தருக்குத் தறி, உங்களுக்குக் காபி. கூப்பிடப்படுவது மட்டும் எல்லா வீட்டிலும் பெண்.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22இல் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. நாமெல்லோரும் மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிற எண் அது, பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் அது சேர்ந்தவர்களை எண்ணுகிற கணக்கு, பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களை அல்ல. உங்கள் பெண்ணும் அந்தக் கணக்கில் வந்திருப்பாள். கல்லூரி கட்டித் தரலாம், விடுதி கட்டித் தரலாம், வங்கிக் கணக்கில் பணம் போடலாம். தீபாவளிக்கு மறுநாள் எந்த அதிகாரியும் மலை ஏறி வந்து உங்கள் பெண்ணைப் பஸ் ஏற்ற மாட்டார். அதை அப்பன்தான் செய்ய வேண்டும்.

தபால் யோசனைக்கு வருகிறேன். அந்த ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டத்துப் பணம். 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்கும்போது கொடுப்பது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தால்தான் உண்டு, தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. தபாலில் மாற்றிய மாதமே அது நிற்கும். விடுதி போகும். ஆய்வகம் போகும். "ஏதாவது ஒரு டிகிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, வேறு பாடம் என்றால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும், முடித்த இரண்டு வருடமும் காற்றில். அப்புறம் வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க எத்தனை நாள் ஆகும்? நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும்.

பையன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நகை வைத்திருப்பதால். எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, வருமான வரம்பு இரண்டரை லட்சம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. அவன் கலந்தாய்வில் போய்ச் சேர்ந்திருந்தால் அதே மாதிரி ஒரு கல்லூரியில் கேட்டிருக்கலாம். எந்தப் புரோக்கர் உங்களிடம் "சீட் கிடைக்காது, இப்போதே கட்டிவிடுங்கள்" என்று சொன்னாரோ, நகை அவருக்காக அடகில் இருக்கிறது. இன்னொன்று, இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கலந்தாய்வில் அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். உங்கள் வீட்டில் அதற்குத் தகுதியாக இருந்த பிள்ளை ஒன்றே ஒன்று, அது பெண். பிளஸ் டூவில் அவள் என்ன குரூப் எடுத்தாள், கலந்தாய்வுக்கு மனு போடலாம் என்று அவளிடம் யாராவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

பிள்ளைகள் வீட்டு வேலை செய்யவே கூடாது, படிக்கிற பிள்ளையைத் தாங்கித் தாங்கி வைக்க வேண்டும் என்று பேசுகிற ஆள் இல்லை நான். தோட்டத்துச் சோறு தின்ற பிள்ளை தோட்டத்தில் கை வைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. பழுத்த பழம் நமக்காகக் காத்திருக்காது, விட்டால் உதிரும், உதிர்ந்ததைப் பொறுக்காமல் போட்டால் அடுத்த வருடம் காய்த்துளைப்பான் வந்து உட்காரும், பறிக்க ஆள் கிடைப்பதும் வருடா வருடம் குதிரைக் கொம்பாகிறது. எல்லாம் சரி. ஆனால் தோட்டத்தில் சாப்பிட்டது இரண்டு பிள்ளைகள். கடன் ஒன்றென்றால் இருவருக்கும். நகையை அடகு வைத்துப் படிக்கிறவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

வழி இதுதான். வருகிற நவம்பரில் அவளுக்கு ஐந்தாவது செமஸ்டர் பேப்பரோடு பழைய ஐந்தும் சேர்ந்து நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுவதா, மூன்றை நவம்பரிலும் இரண்டை ஏப்ரலிலும் எழுதுவதா என்று அவளும் அவள் துறை ஆசிரியரும் உட்கார்ந்து பேசட்டும், நீங்கள் அதில் தலையிட வேண்டாம். கல்லூரி திறந்ததும் நீங்களே ஒரு நாள் கீழே போய் அந்த ஆசிரியரைப் பாருங்கள், அப்பா நேரில் வந்தார் என்பதற்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. அரியர் தேர்வுக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள், தாமதமானால் அபராதம், அதையும் விட்டால் ஆறு மாதம் போச்சு. அவள் ஆயிரம் ரூபாய் அவள் கையிலேயே இருக்கட்டும். தீபாவளிக்கு வந்தால் பலகாரம் கட்டிக் கொடுத்து மூன்றாம் நாள் அனுப்புங்கள். தேர்வு முடிந்து அடுத்த செமஸ்டர் திறப்பதற்கு முன் இருக்கிற லீவில் வந்து பறிக்கட்டும், அதற்கு அவளே வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

மிச்ச நாளுக்கு, சமீப வருடங்களில் காபி விற்ற விலைக்கு இரண்டு ஆளைக் கூலிக்கு வைக்க முடியாத அளவுக்கு நாலு ஏக்கர்க்காரர் ஏழையில்லை. இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்தோடு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், இன்று அவர்கள் உங்களுக்கு, நாளை நீங்கள் அவர்களுக்கு. பையன் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறி வரட்டும், சனி ஞாயிறு பறித்துவிட்டுத் திங்கள் காலை கல்லூரிக்கு இறங்கட்டும், சனிக்கிழமை வகுப்பு இருந்தால் ஞாயிறு மட்டும். அதற்கு ஃபைன் கிடையாது. கை அரிக்கிறது, எறும்பு கடிக்கிறது என்பான், கடிக்கட்டும். இதை அவனிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள், கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: பிப்ரவரி, மார்ச்சில் மிளகு பறிப்பு வருகிறது, ஏணி ஏற ஆள் வேண்டும்.