தோஹாவில் மகள், ஹட்டனில் வாடகை வீடு: வருமான வரி விவரத்திரட்டை யார் நிரப்புவது?

கேள்வி: நான் பொகவந்தலாவைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் மாதம் 140,000 ரூபா சம்பளத்தில் வேலை செய்தேன். 2025 ஜூன் மாதம் கத்தாருக்கு வந்துவிட்டேன். ஹட்டனில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. மேல் தளத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். கீழ்த் தளத்தை மாதம் 30,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணத்தை அப்பா கையில் வாங்கி வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். வங்கியில் 15 இலட்சம் ரூபா நிலையான வைப்பு உள்ளது. சென்ற மதிப்பீட்டாண்டில் அதற்கு 120,000 ரூபா வட்டி வந்தது. சம்பளத்தில் ஹோட்டலும் வட்டியில் வங்கியும் வரி கழித்துவிட்டன. இப்போது 2024/25 ஆண்டுக்கான விவரத்திரட்டைச் சமர்ப்பிக்கும்படி இறைவரித் திணைக்களத்தின் கடிதம் பழைய தோட்டத்து முகவரிக்கு வந்திருக்கிறது. அது தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, சித்தப்பா கண்ணில் பட்டு, தாமதமாகத்தான் வீடு வந்தது. ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒருவர், டின் இலக்கத்தையும் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) பின் இலக்கத்தையும் (இணையத்தில் நுழையும் இரகசிய இலக்கம்) கொடுத்தால் 5,000 ரூபாவுக்குத் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? ஏற்கெனவே கழித்த வரிக்கு மறுபடியும் எதற்கு விவரத்திரட்டு?

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. கணக்குப் பிரிவில் வேலை செய்த உங்களுக்கு இந்த விவரத்திரட்டை நிரப்புவது ஒரு விடுமுறை நாளில் முடியக்கூடிய வேலை. அந்தக் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பின் இலக்கம் கைமாறினால், உங்கள் சம்பளம், சொத்து, கடன், வங்கி இருப்பு எல்லாம் கைமாறியதாகத்தான் பொருள். அவர் எதை எழுதினாலும் அது நீங்கள் கையொப்பமிட்டுச் சொன்னதாகவே திணைக்களம் எடுத்துக்கொள்ளும். பிழை இருந்தால் தண்டப்பணம் கட்டப்போவது நீங்கள்தான், அவரல்ல.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலையகத்தில் நம் பெற்றோரின், பாட்டன் பாட்டிகளின் வாழ்க்கையைத் தீர்மானித்த படிவங்களைப் பெரும்பாலும் வேறு யாரோதான் நிரப்பினார்கள். நம்மவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரித்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் எத்தனையோ பேர் தங்களுக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாள்களில் கைநாட்டு வைத்தார்கள். பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொரு தாளில் வேறுவிதமாகவும் பதிவானதன் தொல்லையை உங்கள் வீட்டிலேயே யாராவது அனுபவித்திருப்பார்கள். படித்து, சம்பாதித்து, சொந்தப் பெயரில் வீட்டு உறுதி எழுதிய தலைமுறை நீங்கள். உங்கள் வரிப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். நேரம் இல்லை, கணக்கு சிக்கலாக இருக்கிறது என்றால், தகுதி பெற்ற கணக்காளர் ஒருவரை முறைப்படி பிரதிநிதியாக நியமிக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. கடை மேசையில் இலக்கத்தை எழுதிக் கொடுப்பது அந்த வழி அல்ல.

இனி, வரி கழித்த பிறகும் ஏன் விவரத்திரட்டு என்ற கேள்வி. உங்களைப் போலப் பலரும் இடறும் இடம் இது. ஹோட்டலுக்கு உங்கள் சம்பளம் மட்டுமே தெரியும். வங்கிக்கு வட்டி மட்டுமே தெரியும். வாடகை இருவருக்கும் தெரியாது. மூன்றையும் ஒன்றாகக் கூட்டும்போதுதான் உண்மையான வரி தெரியவரும். உங்கள் தொகைகளையே வைத்துப் பார்ப்போம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை சம்பளம் 1,680,000 ரூபா. வாடகை 360,000. வட்டி 120,000. மொத்தம் 2,160,000 ரூபா. அந்த ஆண்டுக்கான தனிநபர் நிவாரணம் 1,200,000. வாடகை வருமானத்தில் திருத்த வேலைகளுக்கும் பராமரிப்புக்குமாக 25 சதவீதம் நிவாரணம் உண்டு. உங்களுக்கு அது 90,000. இரண்டையும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 870,000 ரூபா. முதல் 500,000 ரூபாவுக்கு 6 சதவீதப்படி 30,000. மிகுதி 370,000 ரூபாவுக்கு 12 சதவீதப்படி 44,400. ஆக மொத்த வரி 74,400 ரூபா.

இதில் ஹோட்டல் மாதம் 2,400 ரூபா வீதம் 28,800 கழித்திருக்க வேண்டும். வங்கி அப்போதைய 5 சதவீதப்படி 6,000 கழித்திருக்கும். மீதம் 39,600 ரூபா நீங்கள் கட்ட வேண்டியது. சம்பளத்தை மட்டும் பார்த்து வரி கழித்தபோது உங்கள் வருமானம் 6 சதவீதப் படிக்குள்ளேயே நின்றுவிட்டது. வாடகையும் வட்டியும் சேர்ந்ததும் அது 12 சதவீதப் படிக்கு ஏறிவிட்டது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை, ஒரே வருமானத்துக்கு இரண்டு தடவை வரி கேட்கவும் இல்லை.

அப்பா வாங்கிச் செலவழிக்கும் வாடகை ஏன் உங்கள் கணக்கில் வருகிறது என்று நினைப்பீர்கள். உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. அதனால் வீடு ஈட்டும் வருமானம் உங்களுடையது. அதை அப்பாவுக்குக் கொடுப்பது நீங்கள் பெற்றோருக்குச் செய்யும் உதவி. மகள் செய்ய வேண்டியதைச் செய்கிறீர்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வருமானத்தை மறைத்துவிட்டு உதவியை மட்டும் காட்ட முடியாது. அடுத்த மாதத்திலிருந்து வாடகைக்காரர் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும், அங்கிருந்து அப்பாவின் கணக்குக்கு நிரந்தர அறிவுறுத்தல் ஒன்று கொடுத்துவிடுங்கள். ஹட்டனில் வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் முகம் பார்த்துப் பழகுகிறவர்கள், பற்றுச்சீட்டு கேட்பதும் கொடுப்பதும் மரியாதைக் குறைவு என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். எழுத்தில் ஒரு வாடகை ஒப்பந்தமும் இருக்கட்டும்.

தாள்களைச் சேர்ப்பதுதான் உங்கள் உண்மையான வேலை. ஹோட்டலிடம் டி.10 சான்றிதழ் கேளுங்கள். ஓர் ஆண்டின் சம்பளத்தையும் அதில் கழித்த வரியையும் காட்டும் தாள் அது. வேலையை விட்டுப் போனவர்களுக்கு அதைக் கொடுக்க மறந்துவிடுவார்கள். உங்களோடு வேலை செய்தவர் யாராவது இன்னும் அங்கே இருந்தால் அவர் மூலம் மின்னஞ்சலில் பெறலாம். வங்கியிடம் வட்டிக்கான வரிச் சான்றிதழும், 2025 மார்ச் 31 அன்று உங்கள் கணக்குகளில் இருந்த மீதிக்கான உறுதிப்படுத்தலும் வேண்டும். மூன்று தாள்களிலும் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் டின் பதிவில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, வங்கியில் ஒரு எழுத்து என்பது நம் ஆட்களிடம் சாதாரணம். வங்கியில் பழைய அடையாள அட்டை இலக்கமும் திணைக்களத்தில் புதிய 12 இலக்க எண்ணும் இருந்தால் அதையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். கணக்கோடு டின் இலக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். உங்களிடமிருந்து கழித்த 6,000 ரூபா உங்கள் பெயரிலேயே வரவாக வேண்டுமல்லவா?

விவரத்திரட்டோடு சொத்துகளும் கடன்களும் பற்றிய கூற்று ஒன்றும் போகும். பலர் வருமானத்தைச் சரியாக எழுதிவிட்டு இங்கே அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். வீடு, காணி, வாகனம், வைப்பு, கையிருப்பு, கொடுத்த கடன், வாங்கிய கடன், நகை எல்லாம் இதில் வரும். அடகில் இருக்கும் நகையும் உங்களுடையதுதான், அதை எழுதிவிட்டு அடகுக் கடனைக் கடன் பக்கத்தில் காட்டுங்கள். ஹட்டன் வீட்டைக் கட்ட அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணமும் போனதா? மலையகத்தில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் எழுந்திருக்கின்றன. அப்படியானால் அந்தத் தொகை கிடைத்ததற்கான கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள். 140,000 ரூபா சம்பளக்காரரிடம் இந்த வீடு எப்படி வந்தது என்று பின்னொரு நாள் கேள்வி எழுந்தால், அப்பா பல வருடம் உழைத்துச் சேர்த்த பணம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

இணையத்தில் செய்வது பற்றி. திணைக்களத்தின் இணையத்தளத்தில் மின்சேவைக்குள் நுழைய டின் இலக்கமும் பின் இலக்கமும் தேவை. பின் இலக்கம் மறந்திருந்தால் புதிதாகக் கோரலாம். பதிவில் இருக்கும் கைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் இன்னும் உங்களுடையவையா என்று முதலில் பாருங்கள். வெளிநாடு போனவர்கள் இலங்கை சிம்மைப் பயன்படுத்தாமல் விட்டு, அது துண்டிக்கப்பட்ட பிறகுதான் வங்கியின் கடவு எண் எங்கே வரும் என்று தவிப்பார்கள். அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். அஞ்சல் முகவரியையும் தோட்டத்திலிருந்து ஹட்டன் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதம் காரியாலயத்தில் தேங்குவது பெரிய அநியாயம். அது தீரும்வரை, வீதி முகவரி உள்ளவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதே நல்லது. கேள்வி ஏதும் இருந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அப்பாவையோ தம்பியையோ ஹட்டனிலிருந்து பேசச் சொல்லலாம். பொதுவான விளக்கம் கேட்க அவர்கள் போதும், பின் இலக்கத்தை மட்டும் அவர்களிடமும் சொல்ல வேண்டாம்.

சமர்ப்பிக்கக் கடைசி நாள் 2025 நவம்பர் 30. அது ஞாயிற்றுக்கிழமை. இலங்கை நேரம் நள்ளிரவு என்பது தோஹாவில் இரவு 9.30. அந்த ஞாயிறு உங்களுக்கு வேலை நாளாக இருக்கும், வங்கியில் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் இலங்கையில் சனியும் ஞாயிறும் மூடியிருக்கும். ஆகையால் அதற்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை உட்காருங்கள். சமர்ப்பித்ததும் கிடைக்கும் ஒப்புதலைச் சேமித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். நாள் தவறினால், கட்ட வேண்டிய வரி சிறியதாக இருந்தாலும் தண்டம் சிறியதாக இராது. வரியின் 5 சதவீதமும் மாதத்துக்கு ஒரு சதவீதமும், அல்லது 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும், இவற்றில் எது கூடியதோ அது விதிக்கப்படலாம். உச்சம் 400,000 ரூபா. 39,600 ரூபா வரிக்கு 50,000 ரூபா தண்டம் கட்டுவது எவ்வளவு வேதனை!

பணம் கட்டும் நாள் வேறு. அது 2025 செப்டம்பர் 30 அன்றே கடந்துவிட்டது. ஆகவே விவரத்திரட்டு முடியும்வரை காத்திருக்காமல் 39,600 ரூபாவை இந்த வாரமே கட்டிவிடுங்கள். தாமதத்துக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி ஏறும். உங்கள் தொகைக்கு முதல் மாதம் 594 ரூபா. அதோடு தாமதக் கட்டணத்துக்கான தண்டமும் கேட்கப்படலாம். இலங்கை வங்கிக் கணக்கின் இணைய வங்கிச் சேவையிலிருந்தே வரி கட்டலாம், யாரையும் கண்டிக்கு அனுப்பத் தேவையில்லை. கட்டும்போது வரி வகையும் ஆண்டும் சரியாகத் தெரிவாகியிருக்கின்றனவா என்று இரண்டு தடவை பாருங்கள். வேறு ஆண்டில் போய் விழுந்த பணத்தைத் திருப்பி எடுத்துச் சேர்ப்பதற்குக் கட்டியதைவிட அதிகம் அலைய வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாட்டை விட்டு வந்துவிட்டேன், இனிமேல் இலங்கை வரிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வதிவில்லாதவராக இருந்தாலும் இலங்கையில் எழும் வாடகைக்கும் வட்டிக்கும் இலங்கையில் வரிப் பொறுப்பு உண்டு. அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது 2025/26. நீங்கள் ஏப்ரல் 1க்குப் பிறகு ஜூன் வரை இலங்கையில்தான் இருந்தீர்கள். அந்த ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவதொரு 12 மாத காலத்தில் 183 நாட்கள் இலங்கையில் இருந்திருந்தால் வதிவுள்ளவர் என்று சட்டம் கணக்கிடுகிறது. ஜூன் மாதத்தோடு முடியும் 12 மாதங்களை எண்ணினால் நீங்கள் அதற்குள் வந்துவிடுகிறீர்கள். வதிவுள்ளவர் உலகில் எங்கு ஈட்டினாலும் அதைக் காட்ட வேண்டும். கத்தாரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, எனவே அங்கே கட்டிய வரியைக் காட்டி இங்கே கழிக்கவும் வழி இராது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் 1,800,000 ரூபாவாக உயர்ந்திருப்பது கொஞ்சம் கைகொடுக்கும். வட்டியில் வங்கி கழிப்பது 10 சதவீதமாகிவிட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இந்த ஒரு விடயத்துக்கு மட்டும் நல்ல கணக்காளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுக்கத் தயங்காதீர்கள். கடவுச்சீட்டில் வெளியேறிய முத்திரை உள்ள பக்கத்தையும், கத்தார் வேலை ஒப்பந்தத்தையும், மாதாந்தச் சம்பளச் சீட்டுகளையும் இப்போதிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். விடுமுறைக்கு ஊர் வரும் நாட்களையும் குறித்து வையுங்கள், 2026/27 ஆண்டுக்கு அந்த எண்ணிக்கைதான் உங்கள் வதிவைத் தீர்மானிக்கும்.