தாத்தாவின் கடிகாரத்தைக் கடைசியில் திறங்கள்

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாசகர்களின் கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகளாக அதே பித்துப் பிடித்த ஒருவரின் பதில்கள்.

கேள்வி: தாத்தாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நின்றுபோய் பீரோவில் கிடந்தது. அதைத் திறந்து சுத்தம் செய்தபடியே இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

அதை மறுபடியும் பீரோவில் வைப்பதிலிருந்து தொடங்குங்கள். கோபிக்க வேண்டாம். நான் முதன்முதலில் திறந்தது என் அப்பாவின் கடிகாரத்தை. கையில் இருந்தவை மூக்குக்கண்ணாடிக்கான ஒரு திருப்புளியும் அளவுக்கு மீறிய தைரியமும்தான். சாவி முழுதாக ஏறியிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் பாலெட்டைக் கழற்றினேன். சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடுவது அந்தச் சின்னக் கவைதான். அது விலகியதும் ஸ்பிரிங்கில் அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறியது. சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் கவை தடுத்துவந்த எஸ்கேப் சக்கரத்தின் அச்சு முனை ஒடிந்துவிட்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மணிக்கட்டில் வெயில் படாத அந்த வெளுத்த பட்டையோடு வேலைக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே, முதல் கடிகாரம் நீங்கள் நேசிக்காத ஒன்றாக இருக்கட்டும். ஆனால் ஓடுகிற ஒன்றாகவும் இருக்கட்டும். ஓடாததில் தொடங்கினால், பிறகும் ஓடாதபோது பழுது அதனுடையதா உங்களுடையதா என்று தெரியாது. என் பரிந்துரை யூனிடாஸ் 6497 என்னும் மெஷின், அதாவது கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரம். பாக்கெட் கடிகாரத்துக்காக உருவானது என்பதால் 36.6 மில்லிமீட்டர் அகலம். பாகங்கள் கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு அடங்கும். ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுத்துக்கொண்டு ஐந்து முறை பிரித்து மாட்டுங்கள். சுத்தம், எண்ணெய் எல்லாம் அதற்குப் பிறகு.

பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். சாவி கொடுக்கும் குமிழை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஏறிய சாவி திரும்பி இறங்காமல் தடுக்கும் கிளிக் என்னும் சிறு கொக்கியை ஒரு மரக்குச்சியால் விலக்கி, குமிழை விரல்களுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விடுங்கள். இன்னொன்று: சாவிச் சக்கரங்களில் குமிழை ஒட்டியிருப்பதன் திருகு பெரும்பாலும் இடம்வலம் மாறிய மரையுடையது. தலையில் மூன்று கோடுகள் இருந்தால் நிச்சயம் அதுதான். வழக்கமான பக்கம் முறுக்கி அதன் தலையை உடைக்காதவர்கள் எங்கள் கூட்டத்தில் குறைவு.

கேள்வி: நன்றாக ஓடிய கடிகாரம் திடீரென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது. முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டுமா?

திருப்புளியைக் கீழே வையுங்கள். ஒரு திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின் அருகில் கொண்டுபோங்கள். முள் ஆடினால் அநேகமாகக் காந்தம் ஏறியிருக்கிறது. ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு, கைப்பேசி உறை, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். தலைமயிரை விட மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, அதோடு சேர்ந்து இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரம் அவசரப்படுகிறது. காந்தநீக்கியின் பொத்தானை அழுத்தியபடி கடிகாரத்தை மெதுவாக ஒரு கை தூரம் விலக்கி, அதன் பிறகே பொத்தானை விடுங்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டே விட்டால் மறுபடியும் காந்தம் ஏறலாம்.

முள் ஆடவில்லை என்றால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். அப்போதுதான் சுத்தம் செய்யும் பேச்சு.

கேள்வி: எல்லாப் பாகங்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். பாலெட்டின் சிவப்புக் கல் ஒன்று கழன்றுவிட்டது. என்ன தவறு செய்தேன்?

அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அரக்கு. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகை நெருப்பில் உருகியது. உங்களுடையது ஆல்கஹாலில் கரைந்தது. பாலன்ஸ் சக்கரத்தின் அடியில் இருக்கும் சிறு கல்லுக்கும் பெரும்பாலும் இதே அரக்குதான். இந்த இரண்டு பாகங்களையும் மட்டும் நாப்தா என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் அலசுங்கள். சக்கரங்களும், அவற்றை மேலிருந்து பிடித்திருக்கும் பாலங்கள் என்னும் தகடுகளும் ஆல்கஹாலில் குளிக்கலாம்.

கல்லைத் திரும்ப ஒட்டுவதற்கு முயலாதீர்கள். அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதே மெஷினுக்கான வேறு பாலெட் ஒன்றைத் தேடிப் போடுவதே நல்லது.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்த தவறு அங்கேதான் காத்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சக்கரங்களின் அச்சு முனைகள் சுழலும் கல்லின் நடுவே உள்ள குழிவில் பாதி நிரம்பினால் போதும். நிரம்பி வழிந்தால் எண்ணெய் அச்சில் நிற்காமல் பரவி ஓடிவிடும். பிறகு அச்சு வறண்டு தேயும். வேகமாகச் சுழலும் சக்கரங்களுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லியது; விசை தரும் மெயின் ஸ்பிரிங் அடங்கிய உருளையின் அச்சுக்கும் சாவிப் பகுதிக்கும் கெட்டியானது. பாலெட் கற்களின் முகத்துக்குத் தனி எண்ணெய் உண்டு, ஆனால் பாலெட்டின் அச்சுக்கு ஒன்றும் வேண்டாம். ஹேர் ஸ்பிரிங்கின் பக்கமே எண்ணெயோடு போகாதீர்கள். தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி: குவார்ட்ஸ் கடிகாரத்தின் விநாடி முள் நான்கு விநாடிக்கு ஒரு முறை தாவுகிறது. மெஷின் போய்விட்டதா?

இல்லை. பேட்டரி தீரப் போகிறது என்று கடிகாரமே சொல்கிறது. பல மெஷின்களில் அதற்கென்றே இந்த ஏற்பாடு உண்டு. இந்த வாரமே மாற்றுங்கள். செத்த பேட்டரி கசிந்தால் சுற்றுப்பலகையை அரித்துவிடும். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். உலோக இடுக்கி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் பேட்டரி வீண்.

கேள்வி: 1940களின் கடிகாரம் ஒன்று கிடைத்தது. முகப்பின் எண்கள் பழுப்பேறி, இருட்டில் ஒளிரவும் இல்லை. சுரண்டிவிட்டுப் புதிய பூச்சுப் பூசலாமா?

சுரண்டாதீர்கள். அது கதிரியக்கம் உள்ள ரேடியமாக இருக்கக்கூடும். ஒளி மங்கியதற்குக் காரணம் அதனுடன் கலந்த துத்தநாக சல்ஃபைடு நைந்துபோனதுதான். ரேடியம் அப்படியே இருக்கிறது. ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடிக்குள் மூடியிருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. சுரண்டினால் தூள் பறக்கும், மூச்சோடு உள்ளே போகும். அமெரிக்காவில் முகப்புகளுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். 1920களில் தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் வேடிக்கை பேசுவதில்லை. மூடியே வைத்து அழகு பாருங்கள். அல்லது தக்க பாதுகாப்போடு இத்தகைய முகப்புகளைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: இடுக்கியிலிருந்து தெறித்த ஸ்பிரிங் ஒன்றை இரண்டு நாளாகத் தேடுகிறேன். ஏதாவது வழி உண்டா?

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளி பாய்ச்சுங்கள். எவ்வளவு சிறிய பொருளுக்கும் நீண்ட நிழல் விழும். அடுத்த முறை, கைகள் இரண்டையும் ஒரு பெரிய கண்ணாடித்தாள் பைக்குள் விட்டுக்கொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

என்னுடைய கிளிக் ஸ்பிரிங் ஒன்று நான்கு மாதம் கழித்துக் கிடைத்தது. மேசைக்கு அடியில் தேடினேன், பாயை உதறினேன், பீரோவையே நகர்த்தினேன். அது இருந்தது அன்று நான் போட்டிருந்த சட்டையின் கை மடிப்பில். அதற்குள் அந்தச் சட்டை பத்து முறையாவது துவைத்துத் தேய்க்கப்பட்டிருக்கும். முதலில் சட்டையை உதறிப் பாருங்கள்.