தமிழ்தானே என்று விட்ட இடத்தில் போகும் மதிப்பெண்கள்

அன்புள்ள அம்மா,

மகனின் அரையாண்டுத் தேர்வுத் தமிழ் விடைத்தாளை முழுவதும் படித்தேன். கணக்கில் 94 எடுக்கும் பிள்ளை தமிழில் 61இல் நிற்பது ஏன், பொதுத்தேர்வுக்குள் இதைச் சரிசெய்ய முடியுமா, தமிழுக்கும் ட்யூஷன் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ட்யூஷன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மதிப்பெண் எங்கே போயிருக்கிறது என்று பார்ப்போம்.

தம்பி மனப்பாடம் செய்த இடங்களில் கைவைக்கவே முடியாது. மனப்பாடச் செய்யுளுக்கு முழு மதிப்பெண். உரைநடையில் வரும் எட்டு மதிப்பெண் வினாவை ஒரு பக்கத்துக்கும் மேல் எழுதி நன்றாக வாங்கியிருக்கிறான். விட்டதெல்லாம் வினாத்தாளிலேயே கொடுத்திருந்ததைப் படித்து எழுத வேண்டிய இடங்களில்தான். உரைப்பத்தி, பாடலைக் கொடுத்துக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள், விடைக்கேற்ற வினா, கடிதம், படிவம், காட்சியைக் கண்டு எழுதுவது, குறிப்புகளை வைத்து எழுதும் கட்டுரை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளின் 100 மதிப்பெண்ணில் இவையும் அலகிடுதலும் (குறளை அசை பிரித்து வாய்பாடு எழுதுவது) சேர்ந்தால் முப்பத்தைந்தை ஒட்டி வருகின்றன. இவற்றில் பலவற்றுக்குக் கைடில் அப்படியே பதில் இருக்காது. அதனால்தான் வீட்டில் யாரும் இவற்றைப் 'படிப்பு' என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

உரைப்பத்தி வினாவை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளதை உங்கள் மகனுக்காகவே எழுதினேன்.

"ஏரி நிரம்பியதும் உபரி நீர் கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஏரிக்குச் சென்றது. ஏரிகள் இப்படி ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் ஓர் ஊரில் பெய்த மழை பல ஊர் வயல்களுக்குப் பாய்ந்தது. கால்வாய்கள் தூர்ந்துபோன பின், முதல் ஏரி உடைந்தது. கடைசி ஏரி காய்ந்தது."

மூன்று வினாக்கள். உபரி நீர் எதன் வழியாக வெளியேறியது? கடைசி ஏரி காய்ந்ததற்குக் காரணம் என்ன? பத்திக்குப் பொருத்தமான தலைப்பு தருக. முதல் வினாவுக்கு எல்லாப் பிள்ளைகளும் 'கலங்கல்' என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவதில்தான் சறுக்குவார்கள். 'கடைசி ஏரி' என்ற சொல்லைக் கண்கள் தேடும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'முதல் ஏரி உடைந்தது' என்பதைக் கை எழுதிவிடும். ஆனால் காரணம் அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கிறது: கால்வாய்கள் தூர்ந்துபோனதுதான். தலைப்புக்குப் பலர் 'நீர்' என்றோ 'மழை' என்றோ எழுதுவார்கள். பத்தி பேசுவது ஏரிகளின் இணைப்பைப் பற்றி; 'இணைந்த ஏரிகள்' என்றால் பொருந்தும்.

உங்கள் மகனின் தாளிலும் இதே கதைதான். காரணம் கேட்ட வினாவுக்குப் பத்தியில் பாதியை அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறான். சரியான விடை அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது. படித்தது புரியாமல் இல்லை. வினா என்ன கேட்கிறது என்று நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். 'எது', 'ஏன்', 'எவ்வாறு', 'சான்று தருக', 'வேறுபடுத்துக' என்று வினாவில் வரும் அந்த ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். வினாவில் 'ஏன்' என்று இருந்தால் விடையில் 'ஆல்' என்றோ 'காரணம்' என்றோ வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும்கூட உதவும்.

அடுத்தது அலகிடுதல். இந்த வினாவை அவன் தொடவே இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் கணக்கு வரும் பிள்ளைக்கென்றே வைத்த மூன்று மதிப்பெண் அது. குறளின் பொருள்கூடத் தெரிய வேண்டியதில்லை. குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரித்தால் நேர், நிரை என்ற அசைகள் கிடைக்கும், அவை சேர்வதற்கு ஏற்பத் தேமா போன்ற வாய்பாட்டுப் பெயரை எழுத வேண்டும். கடைசிச் சீருக்கு மட்டும் கவனம் வேண்டும். அது நாள், மலர், காசு, பிறப்பு இந்த நான்கில் ஒன்றாகத்தான் முடியும். 'பண்பு' என்று முடிந்தால் தேமா என்று எழுதிவிடுவார்கள். அங்கே அது நேர்பு, காசு. 'உலகு' என்றால் நிரைபு, பிறப்பு. தினம் ஒரு குறள் என்று ஒரு வாரம் அலகிட்டுப் பார்த்தால் கை தானாகப் போகும்.

பாடலைக் கொடுத்துக் கேட்கும் நான்கு ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒன்றிரண்டுக்கு விடை கண் முன்னாலேயே இருக்கும். எதுகை கேட்டால் இரண்டாம் எழுத்து, மோனை கேட்டால் முதல் எழுத்து. பாடலைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை வைத்துக் குறித்துவிட்டு வருவதால்தான் தவறு வருகிறது.

கடிதத்தில் நன்றாக எழுதிவிட்டு, இடம், நாள், உறைமேல் முகவரி மூன்றையும் விட்டிருக்கிறான். வினாவில் கொடுத்த பெயரையும் முகவரியையும் விட்டுவிட்டுச் சொந்தப் பெயரை எழுதியிருக்கிறான். பொதுத்தேர்வில் அது கூடவே கூடாது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் காலி. நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம் போன்றவை கேட்பார்கள். இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கத் தேவையில்லை. அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது ஒரு செல்லானை அவன் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள், போதும்.

எழுத்துப்பிழைதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். 'ஏரி' எழுத வேண்டிய இடத்தில் 'ஏறி', 'வாழ்க்கை'க்கு 'வாழ்கை'. விதிகளைச் சொல்லித் திருத்த இப்போது நேரம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செய்தித்தாளில் ஒரு பத்தியை நீங்கள் வாசியுங்கள். அவன் கேட்டு எழுதட்டும். பிறகு செய்தித்தாளை அவனிடம் கொடுத்து அவனையே திருத்தச் சொல்லுங்கள். சிவப்புப் பேனாவை நீங்கள் எடுக்க வேண்டாம். அப்புறம் அதே பத்தியை வாய்விட்டு ஒருமுறை படிக்கட்டும். ஒற்று எங்கே மிகுகிறது என்பது படிக்கும்போதே காதுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

'இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்குத் தமிழ் சேராதே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா' என்று வீட்டில் அப்பா கேட்பதாகச் சொன்னீர்கள். அவர் சொல்வது உண்மைதான். கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் சேரும். ஆனால் நாளைக்கு அவனே அரசு வேலைக்கு முயற்சி செய்யலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 100 வினாக்கள் தமிழ், அதுவும் பத்தாம் வகுப்புத் தரத்தில். அந்த 100 வினாக்களுக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பட்டம் முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி வாங்கும் பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுடைய தவிப்பை நேரில் பார்ப்பதால் சொல்கிறேன், இப்போது செய்வது சுலபம்.

தேர்வு அறையில் வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிவிடுங்கள். தெரிந்த வினாவைத் தேடிச் சந்தோஷப்படுவதற்கு அல்ல அந்த நேரம். உரைப்பத்தியையும் பாடலையும் அப்போதே ஒருமுறை நிதானமாகப் படித்துவிட வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை வினா எழுத வேண்டும், கட்டாய வினா எது என்றும் பார்த்துவிட வேண்டும். அரையாண்டில் அவன் ஒரு பிரிவில் கேட்டதைவிட ஒரு வினாவைக் கூடுதலாக எழுதியிருக்கிறான்.

சரி, ட்யூஷன். வேண்டாம் என்பேன். அங்கே போனாலும் மறுபடி மனப்பாடம்தான் செய்ய வைப்பார்கள். அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் போனால் பிள்ளைக்குத் தூக்கமும் கெடும். பள்ளியில் தமிழாசிரியரிடம் போய், வாரம் ஒரு பத்தி, ஒரு கடிதம் திருத்தித் தருவீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலான தமிழாசிரியர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். 90 வருமா என்று இப்போது வாக்குத் தர மாட்டேன். விட்ட இடங்களைப் பிடித்தாலே 80ஐத் தொடுவான் என்று அவன் தாளைப் பார்த்த வரையில் நம்புகிறேன்.

முதல் திருப்புதல் தேர்வு முடிந்ததும் தாளை அனுப்புங்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்து அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம். உரைப்பத்தி, அலகிடுதல், கடிதம், படிவம் இந்த நான்கில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று மட்டும் சேர்ந்து பார்ப்போம்.