கணவர் கட்டாரில், கணக்கு அவர் பெயரில்: வங்கி வெட்டிய காசை மனைவி திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: என் கணவர் கட்டாரில் சாரதியாக இருக்கிறார். போவதற்கு முன், வீட்டைக் கட்டி முடிக்கப் புதுக்குடியிருப்பில் ஒரு வங்கியில் கடன் எடுத்தார். மாதத் தவணை 18,500 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி தன் சேமிப்புக் கணக்கிலிருந்து அதைக் கழிக்கச் சொல்லி, ஸ்டாண்டிங் ஓடர் படிவத்தில் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் போனார். மாதக் கடைசியில் அவர் அனுப்பும் காசு கணக்கில் கிடந்தும், சில மாதங்கள் ஒரு கிழமை பிந்தித்தான் கழித்திருக்கிறார்கள். பிந்திய ஒவ்வொரு தடவைக்கும் 750 ரூபாய் வெட்டியிருக்கிறார்கள். அவர் வாங்காத ஏரிஎம் காட்டுக்கு ஆண்டுக் கட்டணமும், காப்புறுதி என்று ஒரு தொகையும் போயிருக்கின்றன. கேட்கப் போனால், "கணக்கு உங்கடை பெயரில் இல்லை, உங்களோடை இதைக் கதைக்க ஏலாது" என்கிறார்கள். அவருக்குப் பதிலாக நான் செயற்பட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம் எடுக்கச் சொல்கிறார் ஓர் உறவினர். இன்னொருவர் அந்தக் காசைத் தானே வங்கியிடமிருந்து எடுத்துத் தருவதாகவும், வருவதில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு வேண்டும் என்றும் சொல்கிறார். கணவர் லீவில் வர இன்னும் ஒரு வருடம் ஆகும். நான் என்ன செய்யலாம்?
வாசகி, உடையார்கட்டு

பதில்: தங்கச்சி, கேட்கலாம். அவர் வரும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கேட்பவரிடம் அடையாள அட்டையையோ பாஸ்புக்கையோ கொடுத்துவிடாதீர்கள். அவர் செய்யப்போவதும் ஒரு கடிதம் எழுதுவதுதான். அதை உங்கள் கணவரும் நீங்களுமே எழுதிவிடலாம்.

முதலில் அந்தக் கவுண்டரில் கேட்ட பதிலைப் பார்ப்போம். கேட்கும்போது மனம் நொந்திருக்கும், ஆனால் அந்த அலுவலர் சொன்னது சட்டப்படி சரி. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 77ஆம் பிரிவு, ஒருவரின் கணக்கு விபரத்தை வேறொருவருக்குச் சொல்லக்கூடாது என்று வங்கி ஊழியர்களைக் கட்டிப்போடுகிறது. மனைவியும் அந்த "வேறொருவர்" தான். வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி கணவன் மனைவி இருவரும் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம், எனக்கும் அதில் பங்குண்டே என்று சிலர் வாதாடுவார்கள். அது உங்கள் இருவருக்கும் இடையிலான உரிமை. வங்கி ஒப்பந்தம் செய்தது உங்கள் கணவரோடு.

ஆனால் அதே பிரிவில் ஒரு வாசலும் இருக்கிறது. கணக்குக்கு உரியவரே கேட்டுக்கொண்டால் விபரத்தைச் சொல்லலாம். அப்புறம், சட்டம் தடுப்பது வங்கி உங்களுக்குச் சொல்வதைத்தான். நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் அவருடைய கடிதத்தை வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு கடதாசியிலும் பேசுபவர் உங்கள் கணவராக இருக்கட்டும். நடப்பவர் நீங்களாக இருங்கள்.

அவர் தன் கையால் இப்படி எழுதலாம்: "எனது சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு ஆகியவற்றில் கழிக்கப்பட்ட கட்டணங்கள் பற்றிய முறைப்பாட்டைக் கையளிக்கவும், அது பற்றிய விளக்கத்தையும் கணக்குக் கூற்றுகளையும் பதில் கடிதங்களையும் பெறவும் எனது மனைவிக்கு அதிகாரம் அளிக்கிறேன். பணம் எடுக்கும் அதிகாரத்தை இதன்மூலம் நான் வழங்கவில்லை. திருப்பித் தரவேண்டிய பணத்தை எனது சேமிப்புக் கணக்கிலேயே வரவு வைக்கவும்." கணக்கு இலக்கங்களும் உங்கள் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் வரவேண்டும். கடைசி இரண்டு வசனங்களையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். இது வீட்டுச் சண்டையில் காசு எடுக்கும் முயற்சியோ என்ற பயம்தான் முகாமையாளரைத் தயங்க வைக்கும். காசு அவர் கணக்குக்கே போகிறது என்று கண்டால் அந்தத் தயக்கம் குறையும்.

கையொப்பம், கணக்குத் திறந்தபோது வைத்த அதே கையொப்பமாக இருக்கவேண்டும். கடிதத்தை ஸ்கேன் செய்து, வங்கியில் பதிந்திருக்கும் தன் மின்னஞ்சலிலிருந்து கிளைக்கு அவரே அனுப்பட்டும், கடவுச்சீட்டின் முதல் பக்கத்தோடு. மூலக் கடிதத்தை ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடலாம். இவ்வளவும் செய்த பிறகும் கிளை மறுத்தால் அற்றோர்னித் தத்துவத்தைப் பற்றி யோசியுங்கள். அதை டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் செய்யலாம். அப்படிச் செய்வதானாலும், இந்த ஒரு விடயத்துக்கு மட்டுமான விசேட தத்துவமாக இருக்கட்டும். காணி, வீடு, வங்கி எல்லாவற்றுக்குமான பொதுத் தத்துவத்தை இந்தச் சின்னக் காரியத்துக்காக எழுதத் தேவையில்லை.

சரி, எதைக் கேட்பது? மூன்று கழிவும் ஒரே மாதிரியானவை அல்ல.

பிந்திய தவணைக்கு வெட்டியதுதான் உங்கள் பலமான வழக்கு. பாஸ்புக்கை விரித்து, பிந்திய மாதம் ஒவ்வொன்றிலும் 5ஆம் திகதிக்கு முந்திய வரியின் மீதியைப் பாருங்கள். கணக்கில் வைத்திருக்கவேண்டிய ஆகக்குறைந்த மீதி போக 18,500 அங்கே இருந்ததா? இருந்தால் பிழை வங்கியுடையது. கட்டாரிலிருந்து அனுப்பிய காசு 6ஆம் திகதிதான் கணக்கில் விழுந்தது என்றால் அந்த மாதத்தைக் கேட்காதீர்கள். பிழையான ஒரு மாதத்தைச் சேர்த்தால் சரியான மாதங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 5ஆம் திகதி ஞாயிறாகவோ போயாவாகவோ இருந்து அடுத்த வேலை நாளில் கழித்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மிஞ்சும் மாதங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: திகதி, அன்றைய மீதி, தவணை கழித்த நாள், வெட்டிய தொகை. ஸ்டாண்டிங் ஓடர் படிவத்தின் பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் அதையும் கடிதத்தில் கேளுங்கள்.

அந்த 750 ரூபாய்க்கு என்ன பெயர் என்றும் கேட்கவேண்டும். 2023 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி வெளியிட்ட ஆணை, பிந்திய தொகைக்கான தண்டவட்டி ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது. 18,500 ரூபாய் ஒரு கிழமை பிந்தினால் 2 வீதப்படி வருவது ஏழு ரூபாய் சொச்சம். 750ஐத் தண்டவட்டி என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இல்லை, அறிவித்தல் கடிதச் செலவு, சேவைக் கட்டணம் என்றால், அந்தத் தொகை எழுதியிருக்கும் கட்டண அட்டவணையையும், அனுப்பியதாகச் சொல்லும் கடிதத்தின் பிரதியையும் கேளுங்கள். தவணை பிந்திய நாட்களுக்குக் கடனின் சாதாரண வட்டியும் ஏறியிருக்கும். அதையும் திருத்தச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

காட் விடயம் சுலபம். காட்டுக்கு அவர் விண்ணப்பித்தாரா, அதைக் கையேற்றுக் கையொப்பம் வைத்தாரா என்று கேட்டாலே போதும். வாங்காத காட் என்றால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் காட்டை இரத்துச் செய்யவும் சொல்லுங்கள்.

காப்புறுதியில்தான் உங்களை நிதானிக்கச் சொல்வேன். வீட்டுக் கடனோடு வரும் காப்புறுதி பெரும்பாலும் கடன் எடுத்தவரின் உயிருக்கானது. அவருக்கு ஏதும் நடந்தால் மிச்சக் கடனைக் காப்புறுதி நிறுவனம் கட்டும், வீடு உங்களுக்கு மிஞ்சும். தலைவனை இழந்து கடனோடு தனித்து நிற்கும் குடும்பங்களை வன்னியில் நாங்கள் நிறையவே பார்த்துவிட்டோம். பாலைவன வீதிகளில் வாகனம் ஓட்டும் ஒருவருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பைக் கோபத்தில் வெட்டிவிடாதீர்கள். முதலில் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, எதற்கான காப்புறுதி, எத்தனை வருடத்துக்கு, தொகை யாருக்குப் போகும் என்று வாசியுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும்போதும் அது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். கடனுக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது திட்டத்தை அவர் தலையில் கட்டியிருந்தால், அவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தைக் கேட்கலாம்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், கோபம் வேண்டாம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். குத்த மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் போட்டு ரிசீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அதே கடிதத்தை வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கும் சரிவராவிட்டால் வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும், கொழும்பிலுள்ள நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. மத்திய வங்கியிலும் வாடிக்கையாளர் முறைப்பாடுகளுக்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் உண்டு, பரந்தன் வீதியால் போய்வரும்போது வழி கேட்டுக்கொள்ளலாம். எங்கே போனாலும் வங்கிக்கு முதலில் எழுதினீர்களா என்று கேட்பார்கள். அந்த முத்திரை குத்திய பிரதி அதற்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், எனக்கு அந்த 750ஐ விட இதுதான் பெரிதாகப் படுகிறது. தவணை பிந்திய மாதங்கள் கடன் தகவல் பணியகத்தில், சனங்கள் கிறிப் என்று சொல்கிறார்களே, அங்கே உங்கள் கணவரின் பெயரில் பதிவாகியிருக்கலாம். நாளைக்கு ஒரு உழவு இயந்திரத்துக்கு லீசிங் கேட்டால், எந்த நிறுவனமும் முதலில் பார்ப்பது அதைத்தான். தன்னைப் பற்றிய அறிக்கையை அவரே கேட்டுப் பெறலாம். பிழை வங்கியுடையது என்று ஒத்துக்கொண்டால் காசைத் திருப்பித் தருவதோடு நிற்காமல் அந்தப் பதிவையும் திருத்தவேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

இந்த இழுபறி நடக்கும்வரை தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு 6ஆம் திகதியும் கழித்தாயிற்றா என்று கணக்கை ஒரு தடவை பார்க்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். கழிக்காவிட்டால் அன்றைக்கே அவர் கிளைக்கு மின்னஞ்சல் போடட்டும்.