எஸ்.பி.எம். முடித்த தம்பிக்கு வெல்டிங்கா, தண்ணீர்ச் சுத்திகரிப்பா? பினாங்கில் எதைப் படிக்க வைக்கலாம்?

தம்பி எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டான், மதிப்பெண் சுமார்தான், வீடு பட்டர்வொர்த் பக்கம், சமூகக் கல்லூரி மாதிரி இடத்தில் சேர்த்தால் வெல்டிங் எடுப்பதா, தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பக்கம் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். எட்டு வருடம் பிறையில் வெல்டர். அதற்கப்புறம் இன்றுவரை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் வேலை. என்னைக் கேட்டால், கைவேலையில் ஆசை உள்ள பையன் என்றால் முதலில் வெல்டிங் படிக்கட்டும். ஆனால் அதிலேயே ஐம்பது வயது வரை இருந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

பயிற்சியில் முதல் சில வாரம் தகட்டில் நேர்க்கோடு இழுப்பதுதான். பையன்களுக்குச் சலிப்பு வருவது அங்கேதான். ராடு, அதாவது உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி, சரியான தூரத்தில் இருந்தால், கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். தூரம் கூடினால் படபடவென்று வெடிக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மலாய்க்கார சிக்கு (ஆசிரியர்) திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், சத்தத்தை வைத்தே யார் தப்புப் பண்ணுகிறான் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவரிடம் நான் வாங்கிய திட்டுதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது.

தகட்டிலிருந்து குழாய்க்குப் போகும்போதுதான் உண்மையான தொழில் தொடங்குகிறது. 6ஜி என்பார்கள். குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திவிட்டு, நாம் அதைச் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். தலைக்கு மேலே பார்த்து ஒட்டுவது, செங்குத்தாக ஏறுவது எல்லாம் அந்த ஒரே மூட்டில் வந்துவிடும். உள்பக்க ரூட்டை, அதாவது முதல் அடுக்கை, டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையும் காப்பு வாயுவும் வைத்து ஒட்டும் முறை) போட்டு, மேலே 7018 ராடு போடுவது வழக்கம். அந்த ராடு ஈரத்தை இழுக்கும். பினாங்குக் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியும். சூட்டுப் பெட்டியில் வைக்காமல் வெளியே போட்டுவிட்டு மறுநாள் எடுத்து ஒட்டினால், ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் இறங்கி, வேலை முடிந்த பிறகு உள்ளே விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. சோதனையில்தான் தெரியும், இல்லையென்றால் குழாய் வெடிக்கும்போது தெரியும். உங்கள் தம்பி இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் அக்கறை எடுப்பவனா என்று யோசித்துப் பாருங்கள். அதுதான் மதிப்பெண்ணைவிட முக்கியம்.

சான்றிதழ் என்று பார்த்தால் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை வரை கட்டாயம் போகட்டும். இரண்டாம் நிலையோடு நின்று வேலைக்குப் போன என் நண்பர்கள் கேட் கிரில் செய்யும் பட்டறைகளிலேயே தங்கிவிட்டார்கள். மூன்றுக்கு மேலே நான்காம் நிலை டிப்ளோமாவும் இருக்கிறது. அது பிறகு, வேலை பார்த்துக்கொண்டே யோசிக்கலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இல்லாமல் ஒரு நொடி ஒளியைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி எரியும். துத்தநாகம் பூசிய குழாயை மூடிய இடத்தில் ஒட்டினால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். எனக்கு இரண்டும் வந்திருக்கிறது. முகக்கவசம், காற்றோட்டம் இரண்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

நான் தண்ணீர் பக்கம் வந்ததும் குழாய் வழியாகத்தான். ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர்க் குழாய் மாற்றும் வேலைக்குப் போனேன். அங்கே ஆறு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவைக் கூட்டிக் கூட்டிப் போட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். கலங்கிய தண்ணீரில் பஞ்சு மாதிரித் திரண்டு அடியில் இறங்கியது. எந்தக் குவளையில் மேல்நீர் தெளிந்ததோ அந்த அளவைத்தான் அன்றைக்குத் தொட்டியில் போடுவார்கள். இதற்குப் பெயர் ஜார் டெஸ்ட். நான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து நின்றேன்.

கணக்கு வராது என்று உங்கள் தம்பி பயந்தால் இதைக் காட்டுங்கள். ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராம் படிகாரம் வேண்டும், ஒரு நாளைக்கு 1,000 கன மீட்டர் தண்ணீர் வருகிறது என்றால், நாளுக்கு 30 கிலோ படிகாரம். அவ்வளவுதான். எங்கள் வேலையில் தினமும் வரும் கணக்கு பெரும்பாலும் இந்த அளவுதான்.

2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளின்படி, இப்படிப்பட்ட நிலையத்தைத் தகுதி பெற்ற ஆள் ஒருவர் மேற்பார்க்க வேண்டும். அதற்குச் சுற்றுச்சூழல் துறையின் பயிற்சி தனியாக உண்டு. பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும்போது இந்த வேலைக்கு ஆள் வேண்டியிருந்துகொண்டே இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, தண்ணீர் பக்கம் இருப்பவர்கள் பலரும் அதையே படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு, வெல்டிங் என்று ஏதோ ஒரு கைத்தொழிலோடு உள்ளே வந்து கற்றுக்கொண்டவர்கள். பம்பு நின்றால் தானே கழற்றத் தெரிந்த ஆளைத்தான் நிலையத்தில் விரும்புவார்கள்.

இங்கேயும் ஆபத்து உண்டு. தொட்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம் வந்து திடீரென்று நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். கருவியால் அளக்காமல் குனிந்துகூடப் பார்க்கக் கூடாது.

குடிநீர் பக்கம் எப்படி என்று கேட்டால், பினாங்குக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகிறது. 2024 ஜனவரியில் அங்கே பெரிய வால்வுகளை மாற்றியபோது நாம் எல்லாரும் வாளியும் தோம்பும் நிரப்பி வைத்தது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் குழாய் வேலைக்காரனும் வேண்டும், தண்ணீர் தெரிந்தவனும் வேண்டும். இரண்டும் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் அவனை விடமாட்டார்கள்.

சேரும் இடம். சமூகக் கல்லூரிகள் உயர்கல்வி அமைச்சின் கீழ், விண்ணப்பம் யு.பி.யு. எனப்படும் அரசு உயர்கல்விச் சேர்க்கை முறை வழியாக. ஐ.எல்.பி. எனப்படும் தொழிற்பயிற்சிக் கழகங்கள் மனிதவள அமைச்சின் கீழ். நிபோங் திபாலில் இருப்பது ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே இருக்கும் கழகம், உங்களுக்கும் தூரமில்லை. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். எந்தப் பாடத்துக்கு இந்த வருடம் ஆள் எடுக்கிறார்கள் என்பதை நேரில் போய்க் கேளுங்கள், பட்டறையையும் காட்டச் சொல்லுங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் சேர்ந்தது ஒரு தனியார் நிலையத்தில். தெரிந்தவர் மூலமாக வந்த ஏஜண்ட், வீட்டுக்கே வந்து அம்மாவிடம் இனிக்க இனிக்கப் பேசினார். ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, வெல்டிங்குக்கு அவர்களிடம் இருந்த ஜே.பி.கே. (எஸ்.கே.எம். வழங்கும் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் காலாவதியாகிவிட்டது என்று. எஸ்.கே.எம். கிடைக்காது. கட்டிய பணமும் வரவில்லை. அம்மா அதற்காக அடகு வைத்த வளையலை மீட்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதனால் தனியார் இடம் என்றால் அங்கீகாரக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். நிலையத்தின் பெயர் மட்டும் போதாது. வெல்டிங் என்ற பாடமும், எந்த நிலை வரை என்பதும், முடியும் தேதியும் அதில் இருக்க வேண்டும். பிறகு ஜே.பி.கே.யிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். கடிதத்தைக் காட்டத் தயங்கினால், ஒரு வெள்ளிகூடக் கட்டாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.